ஒளிரக் கூடாத கடிகாரம்

மார்ச் 7, வியாழன்

கடைசியில் பார்த்தேவிட்டேன். அசாம் கும்பாங்கில், ஒரு வரிசை வீட்டின் சமையலறைச் சுவரில், மாதா படம் போட்ட நாள்காட்டிக்கும் மீன் வறுக்கும் சட்டிக்கும் நடுவே ஓர் ஆணியில் தொங்குகிறது. ஜப்பானியக் கடற்படை விமானிகளுக்கென்று போர்க்காலத்தில் செய்த கைக்கடிகாரம். இருபது வருடமாகத் தேடுகிறேன். தோக்கியோவில் ஏலத்துக்கு வந்தது, லண்டனில் வந்தது. இங்கே தைப்பிங்கில், என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில், வாணலிப் புகையைக் குடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

பழைய சாமான் கடை ஹுசேன்தான் துப்புக் கொடுத்தான். வீட்டுக்காரர் பெயர் ரெஜினா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸ்களை இந்த ஊரில் மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம், தெருவே அவரை மிஸ்ஸி என்கிறது. என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். அதையெல்லாம் கேட்கவா முடியும்?

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னார்: "அது விக்கிறதுக்கு இல்ல."

"பாக்கத்தான் வந்தேங்க."

"பாக்கறதுக்கு என்னா இருக்கு? கடிகாரம். மணி காட்டும். பசியாறிட்டீங்களா?"

பழைய கடிகாரம் சேர்க்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் முறை கண்ணால் பார்ப்பது. இரண்டாம் முறை கையில் வாங்கிப் பார்ப்பது. மூன்றாம் முறை பின்மூடியைத் திறக்கலாமா என்று கேட்பது. மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு. முதல் நாளே திறந்து காட்டு என்கிறவன் அவசரக்காரன், அவனுக்கு எந்தப் பொருளும் சிக்காது. நான் பால் ஊற்றாத தே-ஓ குடித்தேன், இரண்டு பிஸ்கட் தின்றேன், சுவரைப் பார்த்தேன், எழுந்து வந்தேன். என் பொறுமையை நானே மெச்சிக்கொள்கிறேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

மார்ச் 14, வியாழன்

மிஸ்ஸிக்கு வியாழன்தான் ஓய்வு. மற்ற நாளெல்லாம் தேவாலயம், முதியோர் இல்லத்தில் காலுக்குக் கட்டுப் போடுவது, பாடகர் குழு என்று ஓடிக்கொண்டே இருக்கிறார். அதனால் வியாழன் பத்து மணி என்று பேசிக்கொண்டோம்.

இன்று கையில் வாங்கினேன். உள்ளங்கை நிறைந்துவிட்டது. கையுறை போட்ட விரலாலும் திருகட்டும் என்று வெங்காயம் மாதிரி பெரிய திருகு. சுற்றிலும் நாணய விளிம்பு போல வெட்டிய வளையம், அதுவும் சுழல்கிறது. பின்மூடியில் எழுத்துகள் மழுங்காமல் இருக்கின்றன. என்னிடம் தரைப்படையின் கடிகாரங்கள் உண்டு, விமானத்தின் உள்ளே பொருத்தியிருந்த பெரிய கடிகாரம்கூட ஒன்று உண்டு. இது இல்லை. ஈரம் புகாத என் பெட்டியில் இதற்கென்று ஒரு குழியைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

மிஸ்ஸியின் அப்பாவுடையதாம். அவர், ஜப்பான்காரன் இந்த ஊரை ஆண்ட காலத்தில், ஆஸ்பத்திரியில் ஏவலாள்.

"அவருக்கு எப்படிக் கெடைச்சிச்சி?"

"கேட்டா முதுகுல ஒண்ணு விழும். நான் ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு விழுந்துச்சி. விட்டுட்டேன்."

மார்ச் 21, வியாழன்

தைப்பிங் மழை. காலையில் இடித்துக் கொட்ட ஆரம்பித்தது, கிளம்ப முடியவில்லை. மிஸ்ஸி மீன் கறி வைத்தார், இருந்து சாப்பிடச் சொன்னார். புளி கொஞ்சம் தூக்கல். ஆனால் நன்றாக இருந்தது. மழை விடவில்லை, நாலு மணிக்கே வீடு இருட்டிவிட்டது. செய்தித்தாள் குறுக்கெழுத்தில் இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். 'நதி, ஆனால் ஓடாது, ஐந்தெழுத்து' என்ற ஒன்றில் சண்டை வந்தது. இன்னும் தீரவில்லை.

அப்புறம் கரண்டு போயிற்று.

சமையலறைச் சுவரில் பன்னிரண்டு எண்களும் இரண்டு முட்களும் பச்சையாக ஒளிர்ந்தன.

"பாத்தீங்களா, எம்மா வருசமாச்சி, இன்னும் மின்னுது!" என்றார் மிஸ்ஸி.

அந்தக் காலத்தில் டயலில் பூசியது ரேடியம் கலந்த பூச்சு. முப்பது நாற்பது வருடத்தில் அதன் ஒளி செத்துவிடும். கதிர்வீச்சு ஆயிரம் வருடம் நிற்கும், ஒளி நிற்காது. உண்மையான போர்க்காலக் கடிகாரம் இருட்டில் கரிக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும். இது ஒளிர்ந்தால் யாரோ பிற்காலத்தில் மேலே பூசியிருக்கிறார்கள். பூசிய டயல் என்றால் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடிகாரம் செத்த மாதிரி. உதிரிப் பாகத்துக்குத்தான் ஆகும். யாரும் அதைத் தேடி ஒரு வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வரமாட்டார்கள்.

கதிர்வீச்சைப் பார்க்கும் என் டிக்டிக் பெட்டி பைக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை. இருட்டில் எங்கே எடுப்பது? அடுத்த வியாழன் சொல்லிவிடலாம்.

மார்ச் 28, வியாழன்

போனேன். பெரிய வியாழனாம், மிஸ்ஸி தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று சொல்லும் விஷயமா அது? காலி வீட்டுக்குத் திரும்பி மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கித் தின்றேன்.

ஏப்ரல் 4, வியாழன்

மூன்றாம் கட்டம் வந்துவிட்டது, திறந்து பார்க்க வேண்டியதுதானே என்று மிஸ்ஸியே கேட்டுவிட்டார். எங்கள் வழக்கத்தை ஒரு நாள் சும்மா சொல்லி வைத்திருந்தேன், அதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

"இந்தப் பின்மூடிக்குத் தனிக் கருவி வேணும் மிஸ்ஸி. எங்கிட்ட இருக்கிற அளவு சேராது. ஆர்டர் பண்ணியிருக்கேன்."

"எப்ப வரும்?"

"ஜப்பான்லேருந்து வரணும்ல."

அவர் வீட்டுச் சமையல் தராசு இருபது கிராம் கூடக் காட்டுகிறது. நிறுத்தல் அளவைச் சோதகனாக முப்பத்தொரு வருடம் பாசார் பாசாராக ஏறி இறங்கியவன் கண்ணில் அது படாமல் போகுமா? உட்கார்ந்து சரி செய்து கொடுத்தேன். "இவ்வளவு நாளா என் கேக்கு ஏன் கல்லு மாதிரி வந்துச்சின்னு இப்பத்தான் தெரியுது" என்றார். மூன்று மணி வரை ஆகிவிட்டது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கருவி வந்துவிட்டது. மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

பூசியது மிஸ்ஸியேதான். பெருமையாகச் சொல்கிறார்! எழுபத்தொன்பதாம் வருடம் இரவு வேலைக்குப் போட்டார்களாம். வார்டில் விளக்கணைத்த பிறகு நாடி பார்க்க வேண்டும், குளுக்கோஸ் சொட்டு எண்ண வேண்டும். டார்ச் அடித்தால் நோயாளிகள் விழித்துக்கொள்வார்கள், மேட்ரன் திட்டுவார். அப்பாவின் கடிகாரம் பெரியது, எண்கள் தெளிவாக இருக்கும், ஆனால் ஒளி மங்கிப் போயிருந்தது. கடைக்காரனிடம் கெஞ்சித் திறக்கச் சொல்லி, பழைய பூச்சை ஊசி முனையால் சுரண்டி எடுத்தாராம்.

"எடுத்துட்டு?"

"ஊதி விட்டேன். பூன்னு."

ரேடியம் தூளை வாயருகே வைத்து ஊதியிருக்கிறார். இருமல் உண்டா, எலும்பு வலி உண்டா என்று கேட்டுக் குடைந்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் நாயகம், நான் நர்ஸா, நீங்க நர்ஸா?" என்றார்.

பிறகு தூண்டில் கடையில், ராத்திரி மீன் பிடிக்கிறவர்கள் மிதவைக்குப் பூசும் பச்சை மையை வாங்கி வந்து, தீக்குச்சியால் எண் எண்ணாகப் பூசினாராம். மங்கும்போதெல்லாம் மறுபடி பூசுவாராம். கடைசியாகப் பூசியது போன வருடம்.

"எப்படி வச்சிருக்கேன் பாத்தீங்களா? மத்தவங்களா இருந்தா அப்படியே போட்டு வச்சிருப்பாங்க."

சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. மிஸ்ஸி, அப்படியே போட்டு வைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. நீங்கள் பராமரித்ததுதான் அதைக் கெடுத்தது. அவ்வளவுதான், இரண்டு வாக்கியம். கறிக்கடைக்காரனின் தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தால் அவன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். இன்று இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

மே 2, வியாழன்

போனேன். குறுக்கெழுத்து முழுவதும் முடித்தோம். கருவி வந்ததா என்று கேட்டார். சுங்கத்தில் மாட்டியிருக்கலாம் என்றேன்.

மே 16, வியாழன்

போனேன். என் சட்டையில் பொத்தான் இல்லை என்று சொல்லி ஒன்று தைத்துக் கொடுத்தார். நிறம் வேறு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

மே 23, வியாழன்

மிஸ்ஸி ஈப்போவுக்குத் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பெட்டியைத் திறந்து என் கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்தேன். எல்லாம் ஓடின. இன்று யாரோடும் பேசவில்லை.

மே 24, வெள்ளி

இன்றும். காலையில் கிள்ளானிலிருந்து தம்பி மனைவி, சாமி படம் போட்ட காலை வணக்கம் அனுப்பியிருந்தாள். பதிலுக்கு நானும் ஒன்று அனுப்பினேன்.

ஜூன் 13, வியாழன்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "மிஸ்டர் நாயகம், கோவிச்சிக்காதீங்க. கடிகாரத்த உங்களுக்குக் குடுக்கிறதா இல்ல."

எனக்கு அப்படியொரு நிம்மதி. கொடுக்கவில்லை என்றால் கேட்டுக்கொண்டே வரலாம் அல்லவா? முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போதுதான் மீதியைச் சொன்னார். ஜூலை இருபத்தொன்று தேவாலயத் திருவிழா. முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்ட ஏலம் விடுகிறார்கள். மிஸ்ஸி கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார். ஃபாதருக்கு ஆனந்தமாம், தேவாலயச் செய்தித்தாளான பங்கு மடலில் அச்சடித்தே விட்டார். எடுத்துக் காட்டினார்.

'உலகப் போர்க் கால ஜப்பானிய விமானியின் அரிய கடிகாரம். நிபுணர் திரு. தெய்வநாயகம் பலமுறை பார்வையிட்டது.'

"உங்க பேரையும் போடச் சொன்னேன். மூணு மாசமா வாராவாரம் வந்து பாக்குறீங்கன்னு சொன்னதும் ஃபாதரே அசந்துட்டாரு. நீங்களும் வாங்க லா. போட்டி போட்டு எடுங்க. நான் முன்வரிசையில உக்காந்து பாப்பேன்."

அவர் முகம் அப்படிப் பூரித்திருந்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பெரிதாக ஒன்று கொடுக்கிறோம் என்ற பூரிப்பு. நான் மீன் முள்ளைப் பொறுக்குவதுபோல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, சனி

கோலாலம்பூரிலிருந்து விமலேஸ் கூப்பிட்டான். வயதில் சின்னவன், சேகரிப்பில் என்னைவிடப் பெரியவன். பங்கு மடலின் படம் எப்படியோ எங்கள் ஆட்களின் கைப்பேசிக் குழுவுக்குப் போய்விட்டது.

"என்னா அங்கிள், சத்தமில்லாம வேட்ட போட்டிருக்கீங்க! நான் வர்றேன் ஏலத்துக்கு. நீங்க பாத்திருக்கீங்கன்னா ஒரிஜினல்தான், எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா மேடையிலேயே தொறந்து, டிக்டிக் பெட்டிய வச்சி ஒரு வீடியோ எடுத்துடுவோம். சனங்களுக்கும் பாக்க ஜாலியா இருக்கும்."

"மேடையிலயா?"

"அப்பத்தானே அங்கிள் மவுசு!"

மேடையில் அவன் டயலைப் பார்த்த உடனே சிரிப்பான். கெட்ட பையன் இல்லை, ஆனால் சிரிப்பான். தூண்டில் கடைப் பெயிண்ட் என்று மைக்கிலேயே சொல்வான். மிஸ்ஸி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

ஜூலை 4, வியாழன்

சொல்வதற்கென்றே போனேன். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இறந்துவிட்டதாகச் சொல்லி மிஸ்ஸி அழுதார். எப்படிச் சொல்வது?

ஜூலை 11, வியாழன்

சொல்வதற்கென்றே போனேன். அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதும் சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

சொல்லிவிட்டேன்.

உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். டயலில் பழைய பூச்சு இருந்தால்தான் மதிப்பு, புதிதாகப் பூசியது தெரிந்தால் எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மேடையில் அது வெளிப்படும், கொடுக்காதீர்கள். கட்டளை வாசிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மிஸ்ஸி அடுப்பை அணைத்தார். ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப நான் பூசித்தான் இது கெட்டுப்போச்சா?"

"ஆமா."

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"கரண்டு போச்சே, அன்னிக்கி."

"அது மார்ச்சு மாசம்."

"ஆமா."

"மார்ச்சுலேயே தெரியும். பங்கு மடல்ல உங்க பேரப் போட்டுக் காட்டுனேன், அப்பவும் தெரியும்." குரல் உயரவில்லை. வார்டில் இப்படித்தான் பேசியிருப்பார். "ஒண்ணுக்கும் ஆவாத கடிகாரம். அப்ப எதுக்கு வாராவாரம் வந்தீங்க?"

பதில் எனக்குத் தெரியும். நெஞ்சில் இருந்தது, நாக்குவரை வந்தது. நான் சொன்னது இது:

"உள்ள இருக்கிற பாகமெல்லாம் நல்ல பாகம். கொஞ்ச நாள் போனா, சும்மா கெடக்குதுன்னு குடுத்துடுவீங்கன்னு காத்திருந்தேன்."

"ஓ" என்றார் மிஸ்ஸி.

கம்பிக் கதவைத் திறந்து பிடித்தார். அடுப்பில் கறி பாதி வெந்தபடியே இருந்தது.

ஜூலை 20, சனி

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மிஸ்ஸி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

"இந்தாங்க. உங்களுக்கு வேண்டிய பாகமெல்லாம் உள்ள இருக்கு. இனிமே வர்ற வேல இல்ல."

"மிஸ்ஸி, உள்ள வந்து ஒரு நிமிஷம்..."

"காடி மீட்டர் ஓடுது."

கண்ணாடி ஏறிவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

திருவிழாவுக்குப் போகவில்லை. சாயங்காலம் விமலேஸ் கூப்பிட்டுப் புலம்பினான். கடிகாரம் இல்லையாம், அந்த அம்மா பதிலுக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்தாராம். மடலில் வந்தது தன் தப்பு என்று மேடையேறி மன்னிப்பும் கேட்டாராம். "நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்து தையல் மிஷினப் பாத்துட்டுப் போறேன் அங்கிள்."

தன் தப்பு என்று சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவேயில்லை.

ஜூலை 27, சனி

இன்று கடிகாரத்தைத் திறந்தேன். பின்மூடி ஒரு சுற்றில் கழன்றது. உள்ளே துரு இல்லை, பாகம் எதுவும் மாற்றப்படவில்லை, பாகங்களின் வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. டிக்டிக் பெட்டியை வைத்தேன். மிஸ்ஸியின் ஊசி எட்டாத இடுக்குகளில் பழைய ரேடியம் இன்னும் இருக்கிறது போல, பெட்டி படபடத்தது. இப்படி ஓர் இயந்திரத்தை நான் புத்தகப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். டயல் மட்டும் பழையபடி இருந்தால் உலகத்தில் இருப்பவற்றில் நல்லவற்றுள் ஒன்று.

ஈரம் புகாத பெட்டியில் அதன் குழியில் கடிகாரத்தை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருபது வருடம் இந்த நாளைக் கற்பனை செய்திருக்கிறேன். கற்பனையில் நான் யாரிடமோ அதைக் காட்டிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மழை. பத்து மணிக்குச் சட்டை மாற்றி, பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன். பிறகு கழற்றி வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பாசாரில் மீன் வாங்கி வந்தேன். குடல் எடுக்கத் தெரியவில்லை. பூனைக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

குழுவில் படம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. 'கேஸ் அருமை, டயல் யாரோ கோலம் போட்ட மாதிரி இருக்கு' என்று ஒருவன். பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். தீக்குச்சியால் பூசியது என்று எப்படித் தெரியும் இவன்களுக்கு? வார்டில் நாற்பது கட்டில், ஒரு நர்ஸ் என்று தெரியுமா?

பதில் எழுதினேன், அனுப்பவில்லை.

சற்று நேரத்தில் விமலேஸ் கூப்பிட்டான். அவனிடம் இதே கடிகாரத்தின் அசல் டயல் தனியாக ஒன்று இருக்கிறதாம், கை படாதது. எனக்கென்றால் கொடுக்கிறானாம். "மாத்திட்டீங்கன்னா முழு ஒரிஜினல் அங்கிள். ஆசியாவிலயே ஆள் இல்ல உங்கள அடிச்சிக்க. அந்தப் பச்சைய எடுத்துத் தூரப் போடுங்க. மாச கடைசிக்குள்ள சொல்லுங்க, இல்லாட்டி ஜெர்மன்காரன் ஒருத்தன் கேக்குறான்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டயலை மாற்றுவது அரை மணி வேலை. கருவிகளை மேசையில் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மிஸ்ஸியிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதுவரை எழுதவில்லை. எழுதாவிட்டால் மறந்துவிடலாம் என்று பார்த்தேன். ஏமாற்றுக்காரன் என்றால் ஒரு கெட்டிக்காரத்தனமாவது இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில், எனக்கு ஆள் இல்லை, அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பயந்து என்னைத் திருடனாக்கிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. அவரையும் கேவலப்படுத்திவிட்டேன். இத்தனை வியாழனும் ஒரு திருடனுக்குச் சோறு போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

கருவிகளை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஜெர்மன்காரனுக்கே கொடுத்துவிடு என்று விமலேஸிடம் சொன்னேன். "அங்கிள், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். நிஜமாகவே கவலைப்பட்டான், பாவம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பத்து மணிக்குப் போனேன். மிஸ்ஸி கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து பார்த்தார்.

"பாகம் ஏதும் கொறையுதா?"

"மிஸ்ஸி, அன்னிக்கி நான் பொய் சொன்னேன்."

"எது பொய்? மார்ச்சுலேருந்து கணக்குப் பாத்தா நெறையா இருக்கு."

"பாகத்துக்காக வந்தேன்னு சொன்னது." கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும். "எனக்கு வீட்டுல பேச ஆளு இல்ல. வியாழக்கெழம இங்க வந்தாத்தான் பேச்சு. கடிகாரம் ஒண்ணுக்கும் ஆவாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் வர்றதுக்கு எனக்கு என்னா சாக்கு இருக்கு? அதான் சொல்லல. ஏலம்னதும் சொல்லியிருக்கணும். அப்பவும் சொல்லல. உங்கள மேடையேறி மன்னிப்புக் கேக்க வச்சிட்டேன்."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் என்னைப் பற்றிப் பேசியதில்லை. கடிகாரம் வைத்த டப்பாவைக் கம்பி வழியே நீட்டினேன். வாங்கித் திறந்து பார்த்தார். இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நான் பூசின பச்சைய மாத்தலியா நீங்க?"

"இல்ல."

"சரி, போங்க" என்றார்.

திரும்பினேன். சைக்கிளை எடுத்து ஏறப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிஸ்டர் நாயகம்! நாளைக்கு என்னா வேல உங்களுக்கு?"

"வேலையா? ஒண்ணுமில்ல."

"அப்ப வாங்க. கடிகாரத்த நான் அலமாரியில வச்சிப் பூட்டிருவேன். அதக் காட்டுங்கன்னு கேக்கக் கூடாது. அதப் பத்திப் பேசவும் கூடாது. சும்மா வர்றதா இருந்தா வாங்க."

"சும்மா வர்றேன்."

"கோவம் இன்னும் போவல. அதையும் சொல்லிட்டேன்."

நாளை வெள்ளிக்கிழமை, மிஸ்ஸிக்கு ஓய்வுகூட இல்லாத நாள். ஒரு வீட்டுக்குச் சும்மா போகிறவர்கள் கையில் என்ன எடுத்துக்கொண்டு போவார்கள் என்று தெரியவில்லை.